கிராமத்துக்கு ஒரு இரும்புக் கொட்டகை

(மூன்றாம் ஆண்டு, சிவில் பிரிவு)



சிவில் எடுத்துப் படிக்கிற பையன் என்று தெரிந்துவிட்டால் போதும், ஊரில் எல்லாரும் கேட்பது "தம்பி, வீட்டுக்கு பிளான் போட்டுக் குடுப்பியா?" என்றுதான். ஆனால் இன்றைக்குக் கிராமத்தில் வீட்டைவிட வேகமாக முளைப்பது இரும்புக் கொட்டகைகள்தான். நெல் மூட்டை, உர மூட்டை, தேங்காய், டிராக்டர், பவர் டில்லர், மோட்டார், ஸ்பிரேயர்... எல்லாவற்றுக்கும் ஒரு ஷெட்டு வேணும். அந்தக் காலத்தில் பத்தாயமும் கீற்றுக் கொட்டகையும் பார்த்த வேலையை இப்போது கலர் ஷீட் பார்க்கிறது. "குறைந்த விலையில் ஷெட் அமைத்துத் தரப்படும்" என்று செல் நம்பரோடு போர்டு மாட்டாத மெயின் ரோடே இல்லை எனலாம். போன் போட்டால் எதிர்முனையில் ஒரே கேள்வி: "எத்தனை சதுரடி சார்?" சதுரடியைச் சொன்னதும் ஒரு ரேட். அதோடு முடிந்தது விஷயம்!

சதுரடி ரேட்டை மட்டும் வைத்துக் கொட்டகையைத் தேர்ந்தெடுக்கலாமா? கூடாது என்பதுதான் என் கட்சி. ஏன் என்பதை எங்கள் வீட்டுக் கணக்கையே எடுத்துக்கொண்டு சொல்கிறேன். நண்பர்கள் பொறுமையாகப் படிக்க வேண்டும். நடுவில் கொஞ்சம் கணக்கு வரும்; பயப்பட வேண்டாம், நம்ம ஸ்ட்ரக்சர்ஸ் பேப்பரைவிட எளிதுதான்.

எங்கள் ஊர் பட்டுக்கோட்டைப் பக்கம். தென்னந்தோப்பும் கொஞ்சம் நெல் வயலும் உண்டு. 2018 நவம்பர் 16-ஆம் தேதி விடிவதற்குள் கஜா புயல் எங்கள் பகுதியை என்ன பாடு படுத்தியது என்று உங்களுக்குத் தெரியும். நாகப்பட்டினம், திருவாரூர், தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டங்களில் லட்சக்கணக்கான தென்னைகள் சாய்ந்தன. எங்கள் தோப்பில் இருந்த ஆங்கிள் போட்ட தகரக் கொட்டகையின் கூரை அப்படியே கிளம்பிப் போய்விட்டது. நாலு தூண்களில் இரண்டு, அடியில் இருந்த கான்கிரீட் உருண்டையோடு மண்ணிலிருந்து பிடுங்கிக்கொண்டு வந்திருந்தன. பல்லைப் பிடுங்கினால் வேரோடு வருமே, அந்த மாதிரி! உள்ளே இருந்த விதைநெல்லும் உரமும் மழையில் போச்சு. அப்புறம் வைத்த தென்னங்கன்று காய்ப்புக்கு வரும் வரை வருஷக்கணக்கில் காத்திருந்துவிட்டு, இப்போதுதான் அப்பா மறுபடியும் கொட்டகை போடப் பணம் சேர்த்திருக்கிறார். இந்தப் பணத்தை இரண்டாம் தடவை காற்றுக்குக் கொடுக்க எங்கள் வீட்டில் தெம்பு இல்லை. அதனால்தான் இந்த ஆராய்ச்சி.

என்னென்ன வகை?

ரெடிமேடாகச் செய்து கொண்டுவந்து பொருத்தும் இரும்புக் கட்டடம் புதுசு ஒன்றும் கிடையாது. நெளிவுத் தகட்டுக்கு 1829-லேயே இங்கிலாந்தில் ஹென்றி ராபின்சன் பாமர் என்ற எஞ்சினியர் காப்புரிமை வாங்கிவிட்டார். முதல் உலகப் போரில், 1916-ல், நிஸ்ஸன் என்ற ராணுவ எஞ்சினியர் பாதி உருளை வடிவில் ஒரு தகரக் குடிசையை உருவாக்கினார். கைக்கருவிகளை வைத்துக்கொண்டு ஒரு சில ஆட்களே மாட்டிவிடலாம். இரண்டாம் உலகப் போரின்போது, 1941-ல், அமெரிக்காக்காரன் அதையே குவான்செட் என்று பெயர் மாற்றி ஊர் ஊராக இறக்கினான். போர் முடிந்ததும் அவை எல்லாம் பண்ணைகளுக்குப் போய்க் களஞ்சியமாகிவிட்டன.

நம்ம ஊரில் இன்று கிடைப்பவற்றைப் பார்ப்போம். முதலாவது, நம்ம வெல்டிங் பட்டறை அண்ணன் பைப்பையும் ஆங்கிளையும் வெட்டி ட்ரஸ் செய்து நிறுத்துவது. இரண்டாவது பி.இ.பி. என்று சொல்லப்படும் ஃபேக்டரிக் கட்டடம். தூணும் ரஃப்டரும் தேவைக்கேற்ப ஒரு பக்கம் அகலமாகவும் ஒரு பக்கம் ஒடுங்கியும் இருக்கும். துளை போட்டே வரும். சைட்டில் போல்ட் முடுக்க வேண்டியதுதான். மூன்றாவது, தூணும் ட்ரஸ்ஸும் இல்லாமல் தகட்டையே வில்லாக வளைத்துப் போடுவது. கல்யாண மண்டபங்களில் பார்த்திருப்பீர்கள். வில் என்றால் இரண்டு முனையும் வெளியே தள்ளும், அதைத் தாங்க இரண்டு பக்கமும் பலமான சுவரும் பீமும் வேணும் என்பதால் நம்ம தோப்புக்கு அது கட்டுபடி ஆகாது. நாலாவதாக, பழைய கப்பல் கன்டெய்னரை வாங்கி இறக்கிவிடுகிறார்கள். 20 அடி கன்டெய்னர் காலியாகவே இரண்டு டன்னுக்கு மேல் எடை, பூட்டினால் திருடன் பயம் இல்லை, கருவிகள் வைக்க நல்லதுதான். ஆனால் சித்திரை வெயிலில் அதற்குள் நெல்லை வைத்தால் அவலாகிவிடும்! டிராக்டரும் நுழையாது.

ஆக, போட்டி முதல் இரண்டுக்கும்தான். பி.இ.பி. என்றால் உசத்தி, பட்டறை வேலை என்றால் மட்டம் என்று சிலர் நினைக்கிறார்கள். அது சரியில்லை. 30 அடி அகலக் கொட்டகைக்குக் கணக்குப் போட்டுச் செய்தால் பைப் ட்ரஸ் தாராளமாகப் போதும். அகலம் 50, 60 அடிக்கு மேல் போகும்போதுதான் பி.இ.பி.யின் லாபம் முழுசாகத் தெரியும். பிரச்சினை பட்டறையில் கிடையாது. கணக்கு இல்லாமல் செய்வதில்தான் இருக்கிறது.

அளவு முதலில்

எதை வைக்கப் போகிறோம் என்று முடிவு செய்யாமல் அளவு சொல்லக் கூடாது. எங்களுக்கு 30 அடிக்கு 60 அடி என்று முடிவானது. ஒரு பாதி நெல், தேங்காய். மறுபாதி டிராக்டர், டிரெய்லர், சாமான்கள். வைக்கோலைச் சேர்க்கவில்லை. வைக்கோலும் டீசலும் ஒயரிங்கும் ஒரே கூரைக்குள் இருப்பதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். வைக்கோல் போர் தனியாகவே இருக்கட்டும்.

உயரத்தில்தான் பெரும்பாலோர் கோட்டை விடுகிறார்கள். 10 அடி போதும் என்று போட்டுவிட்டு, லோடு ஏற்றிய டிரெய்லர் வாசலில் முட்டும்போது தலையில் கை வைக்கிறார்கள். நாங்கள் வாசல் 12 அடிக்கு 12 அடி, பக்கவாட்டு உயரம் 14 அடி என்று வைத்தோம். அதற்கு மேல் ஏற்றினால் காற்றுக்கு நாமே முதுகைக் காட்டுவது போல. தரை மட்டத்தை நிலத்திலிருந்து 2 அடி உயர்த்தி, கான்கிரீட்டுக்கு அடியில் தடித்த பாலிதீன் ஷீட் விரிக்க வேண்டும். இல்லாவிட்டால் ஐப்பசியில் தரை வேர்க்கும், அடி மூட்டை பூசணம் பிடிக்கும்.

இன்னொன்று. தகரச் சுவர் ஒரு திரை மாதிரி. அதில் மூட்டையைச் சாய்த்து அடுக்கவோ, நெல்லைக் கொட்டிக் குவிக்கவோ கூடாது. கொட்டிய நெல் தண்ணீர் மாதிரி பக்கவாட்டில் தள்ளும். சுவரிலிருந்து இரண்டு மூன்று அடி விட்டு, அடியில் மரச்சட்டம் போட்டுத்தான் அடுக்க வேண்டும். அந்த நடைபாதையையும் சேர்த்துத்தான் 30 அடி.

காற்று எனும் வில்லன்

இனி விஷயத்துக்கு வருகிறேன். ஓட்டு வீட்டுக்கும் மாடி வீட்டுக்கும் கவலை, மேலிருந்து கீழே அழுத்தும் பளு. இரும்புக் கொட்டகைக்குக் கவலையே வேறு. அது பறக்கப் பார்க்கும்! மழையில் குடை பிடித்துக்கொண்டு நடக்கும்போது எதிர்காற்று அடித்தால் குடை மேலே இழுக்குமே, கொட்டகையும் ஒரு பெரிய குடைதான். காம்பு தரையில் எவ்வளவு பிடிப்பாக இருக்கிறது என்பதே கேள்வி.

காற்றுப் பளுவுக்கு நாம் பார்க்க வேண்டிய ஐ.எஸ். கோடு 875, பாகம் 3. 1987-ல் வந்த பதிப்பைத் திருத்தி 2015-ல் புதுப் பதிப்பு வந்தது. அதில் ஊருக்கு ஊர் அடிப்படைக் காற்று வேகம் கொடுத்திருக்கிறார்கள். சென்னைக்கு நொடிக்கு 50 மீட்டர், திருச்சிக்கு 47, மதுரைக்கும் கோவைக்கும் 39. நொடிக்கு 50 மீட்டர் என்றால் மணிக்கு 180 கிலோமீட்டர். காற்றழுத்தத்தின் ஃபார்முலா சுலபம்: வேகத்தின் வர்க்கத்தை 0.6-ஆல் பெருக்கினால் ஒரு சதுர மீட்டருக்கு இத்தனை நியூட்டன் என்று வரும். வர்க்கம் என்பதைக் கவனியுங்கள். வேகம் கொஞ்சம் கூடினாலும் அழுத்தம் எகிறிவிடும்.

புயல் ஏற்கெனவே ஒருமுறை வந்துபோன ஊர் என்பதால் எங்கள் கொட்டகைக்கு நான் 50 எடுத்துக்கொண்டேன். பண்ணைக் கட்டடங்களுக்குக் கோடு ஒரு சலுகை தருகிறது. 25 வருஷ ஆயுள் கணக்கில் 0.9-ஆல் பெருக்கலாம். ஆக 45. அதன் வர்க்கம் 2025. அதை 0.6-ஆல் பெருக்கினால் 1215 நியூட்டன். கூரைப் பரப்பு 1800 சதுரடி, அதாவது சுமார் 167 சதுர மீட்டர். உறிஞ்சும் காரணியை ஒரு பேச்சுக்கு 1 என்று வைத்துக்கொண்டால் (சரியான காரணி கூரைச் சரிவையும் வாசலையும் பொறுத்தது, டிசைன் எஞ்சினியர் பார்ப்பார்), மொத்தம் சுமார் 2 லட்சம் நியூட்டன். நம்ம பாஷையில் 20 டன்! கொட்டகையின் கூரை, பர்லின், சட்டம் எல்லாம் சேர்த்துச் சதுர மீட்டருக்கு 25 கிலோ என்று தாராளமாக வைத்தாலும் நாலு டன்தான் தேறும். 20 டன் மேலே இழுக்க, நாலு டன் கீழே இழுக்கிறது. மீதி 16 டன்னை யார் பிடிப்பது?

அஸ்திவாரம்தான் பிடிக்க வேண்டும். 15 அடிக்கு ஒரு சட்டம் என்றால் பத்து தூண்கள். நடுத்தூண் ஒன்றுக்குப் போக வர இரண்டு டன் இழுவை. இப்போது பட்டறை அண்ணன் வழக்கமாகப் போடும் குழியைப் பாருங்கள்: ஒன்றரை அடி விட்டம், மூன்றடி ஆழம், அதில் தூணை நட்டுக் கான்கிரீட் கொட்டுவது. அந்த உருளையின் கன அளவு 0.15 கன மீட்டர். எடை சுமார் 360 கிலோ. இரண்டு டன் எங்கே, 360 கிலோ எங்கே? எங்கள் பழைய கொட்டகைத் தூண் ஏன் பல் மாதிரி பிடுங்கிக்கொண்டு வந்தது என்பதற்கு இதைவிட விளக்கம் வேண்டியதில்லை.

இந்தக் கணக்கை அண்ணனிடம் நோட்டில் போட்டுக் காட்டினேன். "தம்பி, நான் இருவது வருஷமா இப்படித்தான் போடறேன். எதுவும் ஆகலையே?" என்றார். "அண்ணே, கஜாவுல?" என்றேன். கொஞ்ச நேரம் நோட்டையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "அப்ப எவ்வளவு போடணுங்கற?" என்று கேட்டார். நல்ல மனுஷன். உண்மையில் அவரை யாரும் கணக்குக் கேட்டதே இல்லை. எல்லாரும் சதுரடி ரேட்டை மட்டும்தான் கேட்டிருக்கிறார்கள்.

நான் முதலில் போட்டது 4 அடிக்கு 4 அடி, ஒரு அடி கனம், அதற்கு மேல் மூன்றடி மண். கான்கிரீட்டும் மேலே உட்காரும் மண்ணும் சேர்ந்து மூன்று டன்னுக்கு மேல் வந்தது. டிபார்ட்மென்ட்டில் சாரிடம் காட்டினேன். அவர் ஒரே கேள்வி கேட்டார்: "புயல் எந்த மாசம் வரும்?" ஐப்பசி, கார்த்திகை. அப்போது நிலத்தில் தண்ணீர் மேலேயே நிற்கும். தண்ணீரில் மூழ்கினால் கான்கிரீட்டின் எடை கன மீட்டருக்கு 2.4 டன்னிலிருந்து 1.4 ஆகிவிடும், மண்ணும் அப்படியே குறையும். ஆர்க்கிமிடீஸ் பத்தாம் வகுப்போடு போய்விடவில்லை! மறுபடி போட்டால் இரண்டு டன்னுக்கும் கீழே வந்தது. 5 அடிக்கு 5 அடி ஆக்கினோம். முழுக்க நனைந்தாலும் மூன்று டன் கிட்ட நிற்கிறது. பள்ளத்தை நிரப்பும்போது மண்ணை அடுக்கடுக்காகப் போட்டு இடிக்க வேண்டும் என்பதையும் எழுதிக்கொள்ளுங்கள். தளர்ந்த மண்ணுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது.

கதவைப் பற்றி ஒரு வார்த்தை. எல்லாக் கதவும் மூடியிருக்கும்போது உள்ளே காற்றழுத்தக் காரணி 0.2 என்கிறது கோடு. ஒரு சுவரில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் திறந்துவிட்டால் அது 0.7. எங்கள் 12 அடி ஷட்டர் முன் சுவரில் அதைவிட அதிக இடம் பிடிக்கிறது. அதாவது புயலில் ஷட்டர் பெயர்ந்தால் கூரையை உள்ளிருந்து தள்ளும் விசை மட்டும் பத்து டன் கூடிவிடும். அதனால் கொட்டகைக்குச் செலவழிக்கும்போது ஷட்டரில் மிச்சம் பிடிக்காதீர்கள். ஆழமான கைடு, நடுவில் கழற்றி மாட்டும் ஒரு தூண், இரண்டும் இருந்தால் ஷட்டர் நெளிந்து வெளியே வராது. ஒரு பக்கம் மட்டும் அடைத்து மூன்று பக்கம் திறந்த கொட்டகை போடுகிறவர்களுக்கு என் அனுதாபங்கள்.

கொட்டேஷனைப் படிக்கும் கலை

நகரத்தில் ஒரு கம்பெனியிடமும் கொட்டேஷன் வாங்கினோம். அழகான கலர் டிராயிங், மூன்று பக்கம். அப்பாவுக்கு ரொம்பத் திருப்தி. நான் டிராயிங்கின் மூலையில் பொடி எழுத்தில் இருந்த டிசைன் விவரத்தைப் படித்தேன். காற்று வேகம்: 39 மீட்டர்! ஏதோ உள்மாவட்டத்துக்குப் போட்ட டிசைனில் பெயரை மட்டும் மாற்றி எங்களுக்கு அனுப்பியிருக்கிறார்கள். 50-ஐ 39-ஆல் வகுத்து வர்க்கம் எடுத்தால் 1.64. எங்கள் ஊர்க் காற்று அந்தக் கொட்டகையை அது எதிர்பார்த்ததைவிட 64 சதவீதம் அதிகமாக இழுக்கும். போன் செய்து சொன்னதும் மறுக்கவில்லை. "மாத்திக்கலாம் சார், வெயிட் கொஞ்சம் ஏறும்" என்றார்கள். ஏறத்தான் செய்தது. ரேட்டும் ஏறியது. ஆனால் இப்போதுதான் இரண்டு கொட்டேஷனையும் ஒப்பிட ஒரு நியாயம் கிடைத்தது.

அந்தப் பொடி எழுத்து மூன்று வரியை எப்போதும் தேடுங்கள். காற்று வேகம், எந்த ஐ.எஸ். கோடு, இரும்பின் கிரேடு. இரும்புக் கட்டட டிசைனுக்கு ஐ.எஸ். 800, அதில் 2007 பதிப்பு. சாதாரணத் தகடு 250 கிரேடு, பி.இ.பி.யில் 350 கிரேடு போடுவார்கள். 350-க்குப் போட்ட மெலிந்த டிசைனில் 250 தகட்டை வைத்துவிட்டால் பார்வைக்குத் தெரியாது. ஆகவே மில் டெஸ்ட் சர்ட்டிபிகேட் தருவீர்களா என்று முதலிலேயே கேட்டுவிட வேண்டும். அதோடு மொத்த எடையையும் எழுதி வாங்குங்கள். இரும்பு விலை அடிக்கடி மாறும். சதுரடி ரேட்டுக்குள் எத்தனை கிலோ இரும்பு இருக்கிறது என்று தெரியாமல் இரண்டு ரேட்டை ஒப்பிடுவது, மூட்டையின் எடை கேட்காமல் நெல்லுக்கு விலை பேசுவது போல.

அடுத்து ஷீட். இங்கேதான் நம்ம வொர்க்ஷாப் மைக்ரோமீட்டருக்கு வேலை! "0.50 ஷீட் சார்" என்பார்கள். 0.50 என்பது எதன் கனம்? இரும்பு, அதன் மேல் பூச்சு, அதற்கும் மேல் பெயின்ட், எல்லாம் சேர்த்தா, வெறும் இரும்பு மட்டுமா? கால்வால்யூம் ஷீட்டில் 55 சதவீதம் அலுமினியம், மிச்சத்தில் பெரும்பகுதி துத்தநாகம். சதுர மீட்டருக்கு இரண்டு பக்கமும் சேர்த்து 150 கிராம் பூச்சு என்றால் அதன் கனமே 0.04 மில்லிமீட்டர் வரும். பெயின்ட்டையும் கழித்தால் "0.50" ஷீட்டில் இரும்பு சுமார் 0.43தான். அது ஏமாற்று இல்லை, அளக்கும் முறை அப்படி. ஆனால் ஒருவர் மொத்தக் கனத்தையும் இன்னொருவர் இரும்புக் கனத்தையும் சொன்னால் ஒப்பீடு தப்பாகிவிடும். நான் ஒரு கடையில் "0.50" என்று தந்த சாம்பிளை மைக்ரோமீட்டரில் பிடித்தேன், பெயின்ட்டோடு சேர்த்தே 0.44 காட்டியது. கடைக்காரர், "தம்பி எந்த காலேஜ்?" என்றார். காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டேன்.

வெறும் துத்தநாகம் பூசிய ஷீட்டா, கால்வால்யூமா என்று கேட்டால், நெல், தேங்காய், கருவிகள் வைக்கிற கொட்டகைக்குக் கால்வால்யூம் நல்லது. மாட்டுக் கொட்டகைக்கு வேண்டாம். சாணம், கோமியத்திலிருந்து கிளம்பும் அம்மோனியா அந்த அலுமினியப் பூச்சைத் தின்றுவிடும். பச்சைக் கான்கிரீட் படுவதும் அதற்கு ஆகாது. உரத்தில் பொட்டாஷ் மோசமான பேர்வழி; அதிலுள்ள குளோரைடு இரும்பின் ஜென்ம விரோதி. யூரியாவோ காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக் கசியும். அதனால் உர மூட்டையைத் தூணிலிருந்து தள்ளி வைக்க வேண்டும். தூணின் பேஸ் பிளேட்டைத் தரை மட்டத்தில் வைக்காமல் ஒரு அடி உயரக் கான்கிரீட் மேடையில் உட்கார வைக்க வேண்டும். கடற்காற்று அடிக்கிற ஊரில் பர்லினுக்கு ரெட் ஆக்சைடு அடித்து ஏமாறாமல் கால்வனைஸ் செய்த பர்லினே கேளுங்கள்.

சின்ன விஷயங்கள், பெரிய சேதங்கள்

காலித் தீப்பெட்டியின் வெளிக்கூட்டை எடுத்து லேசாகப் பக்கவாட்டில் தள்ளிப் பாருங்கள், படுத்துவிடும். குறுக்கே ஒரு குச்சியை ஒட்டினால் நிற்கும். கொட்டகைக்கு அந்தக் குச்சிதான் கிராஸ் பிரேசிங். நீளவாட்டில் இரு பக்கச் சுவரிலும், கூரையிலும், குறைந்தது ஒரு கட்டத்திலாவது பெருக்கல் குறி போல ராடு போக வேண்டும். பட்டறைக் கொட்டகைகளில் பெரும்பாலும் இது இருக்காது, "வழியில இடிக்கும்" என்பார்கள். ஒரே திசையில் பலம் இருந்தால் போதாதா என்றும் கேட்கிறார்கள். புயலின் கண் கடந்து போகும் ஊரில் காற்று முதலில் ஒரு பக்கம் இருந்து அடித்து, கொஞ்சம் ஓய்ந்து, அப்புறம் எதிர்ப்பக்கம் இருந்து அடிக்கும். இரண்டு பக்கமும் தாங்கத்தான் வேண்டும்.

காற்றின் உறிஞ்சல் கூரை முழுக்க ஒரே மாதிரி இருக்காது. ஓரத்திலும் மூலையிலும் முகட்டிலும் அதிகம். ஷீட் கிளம்ப ஆரம்பிப்பது மூலையில்தான். ஆகவே அங்கே ஸ்க்ரூவை நெருக்கமாகப் போடச் சொல்லுங்கள். முடிந்தால் பர்லினும் அங்கே நெருங்கி வரட்டும். நிழலுக்காகக் கூரையை மூன்றடி வெளியே நீட்டுவது நம்ம ஊர் வழக்கம். காற்றுக்கு அது கைப்பிடி மாதிரி. ஒன்றரை அடியோடு நிறுத்திக்கொள்ளலாம். ஸ்க்ரூவின் ரப்பர் வாஷர் நசுங்கும் வரை முடுக்கக் கூடாது, தொளதொளவென்றும் விடக் கூடாது. கூரை மேல் வைத்துக் கட்டிங் வீலில் ஷீட்டை அறுக்க விடாதீர்கள். பறக்கிற நெருப்புப் பொறி பெயின்ட்டில் ஒட்டி, ஒரே மழைக்காலத்தில் புள்ளி புள்ளியாகத் துரு பூக்கும். அறுத்தே ஆக வேண்டும் என்றால் கீழே வைத்துக் கத்தரிக்கும் மெஷினில் வெட்டட்டும்.

மார்கழிப் பனியில் இன்னொரு வேடிக்கை. ராத்திரி தகரம் வெளிக்காற்றைவிடக் குளிர்ந்துவிடும். உள்ளே இருக்கிற ஈரக்காற்று அதில் பட்டு நீராகி, விடியற்காலையில் சொட்டுச் சொட்டாக நெல் மேல் விழும். கூரை ஒழுகுகிறது என்று ஸ்க்ரூவெல்லாம் தார் பூசுகிறார்கள் பாவம். ஒழுகலே இல்லை அது! நெல்லை 14 சதவீத ஈரத்துக்குக் காயவைத்துத்தான் உள்ளே வைக்க வேண்டும். முகட்டில் காற்றுப் போக்கி, சுவரின் கீழ்ப்பக்கம் எலி நுழையாத வலை போட்ட திறப்பு, இரண்டும் இருந்தால் காற்று தானாகக் கீழே நுழைந்து மேலே போகும். நெல் பகுதிக்கு மேல் மட்டும் கூரையின் அடியில் இன்சுலேஷன் ஷீட் போடச் சொல்லியிருக்கிறோம். முழுக் கூரைக்கும் போட ஆசைதான். பட்ஜெட் இடம் கொடுக்கவில்லை.

கடைசியில் என்ன முடிவு எடுத்தீர்கள் என்று கேட்பீர்கள். சட்டம், பர்லின், ஷீட் மூன்றும் 50 மீட்டர் காற்றுக்குத் திருத்திய அந்தக் கம்பெனியிடம். அஸ்திவாரம் எங்கள் கணக்குப்படி, எங்கள் ஊர்க் கொத்தனார் கையால். ஷட்டரும் நடுத்தூணும் நம்ம பட்டறை அண்ணன். ஊராட்சி அலுவலகத்தில் டிராயிங் கொடுத்து விசாரித்தும் விட்டோம். 2019-ல் வந்த ஒருங்கிணைந்த கட்டட விதிகளை அங்கே காட்டினார்கள். பத்துக் குழியும் தோண்டி, கான்கிரீட் போட்டு, ஆங்கர் போல்ட்டுகளைப் பலகை அச்சு வைத்து நிறுத்தியாகிவிட்டது. போல்ட் அரை அங்குலம் விலகினால்கூடத் துளை போட்டு வரும் பேஸ் பிளேட் உட்காராது என்பதால் அன்றைக்கு நான் டேப்பைக் கையை விட்டு இறக்கவில்லை. மூலைவிட்டம் இரண்டும் சரிபார்த்ததில் ஐந்து மில்லிமீட்டர்தான் வித்தியாசம்.

இப்போது நிற்கும் சிக்கல் ஒன்றே ஒன்றுதான். தோப்புக்குப் போகும் வழியில் வாய்க்கால் மேல் ஒரு பழைய குழாய்ப் பாலம் இருக்கிறது. லாரி தாண்டிவிடும், ரஃப்டர் தூக்குகிற ஹைட்ரா கிரேன் தாண்டுமா என்பது சந்தேகம். தாண்டாவிட்டால் முக்காலி நட்டு செயின் பிளாக்கில்தான் தூக்க வேண்டும். 15 அடிப் பாதி ரஃப்டர்கள் என்பதால் அது முடிகிற வேலைதான், இரண்டு நாள் கூடுதலாகும். தை மாதம் இரும்பு வந்து இறங்குகிறது. லீவில் இருக்கிற நண்பர்கள் வந்தால் போல்ட் முடுக்கக் கற்றுக்கொள்ளலாம், மதியம் சாப்பாடு எங்கள் வீட்டில். அஸ்திவாரக் கணக்கின் ஜெராக்ஸ் என்னிடம் இருக்கிறது. வேண்டியவர்கள் சர்வே லேபில் என்னைப் பிடிக்கலாம். உங்கள் ஊர்க் காற்று வேகத்தை மட்டும் மாற்றிப் போட்டுக்கொள்ளுங்கள்.